கரகம் வருகிற வரைக்கும்

ஏப்ரல் 10, 2025, வியாழன். சூளகிரி, அல்சூர்

சூளகிரிக்குக் கொஞ்சம் முன்னால் பஸ்ஸின் பின்டயர் வெடித்தது. ஸ்டெப்னி இருந்தது, ஜாக்கி இல்லை. இன்னொரு வண்டி வந்து ஜாக்கி கொடுக்கிற வரை எல்லோரும் புளியமரத்தடியில் நின்றோம். மூன்றரை மணி வெயில். டிரைவர் யாருக்கும் முகம் கொடுக்காமல் போனில் பேசியபடியே ரோட்டோரம் நடந்துகொண்டிருந்தார். நல்லவேளையாக ஒரு பாட்டி கூடையில் கிளிமூக்கு மாங்காய் வைத்திருந்தார். நாலாகக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் அப்பித் தந்தால் இருபது ரூபாய். மெரினாவில் இதைவிடச் சின்னதை முப்பதுக்கு விற்கிறார்கள். டயர் மாற்றி முடிப்பதற்குள் கூடை காலி. பாட்டிக்கு அன்றைக்கு வியாபாரம் எங்கள் பஸ்ஸால்தான்.

ஐந்து மணிக்கு பெங்களூர் போய்விட வேண்டும் என்று நான் அவசரப்பட்டதற்குக் காரணம் உண்டு. நான் செஞ்சிப் பக்கத்துக்காரி. எங்கள் பக்கம் கிராமத்துக்கு ஒரு திரௌபதி அம்மன் கோயில் இருக்கும். வெயில் காலம் வந்தால் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவெல்லாம் கூத்து. அர்ச்சுனன் தபசுக்கு மரம் ஏறுவான். கடைசியில் மண்ணால் செய்த துரியோதனனைப் படுகளத்தில் கிடத்தி, அம்மன் கூந்தலை முடிந்ததும் சாயங்காலம் தீமிதி. இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவளுக்கு, பெங்களூரில் அதே அம்மனுக்கு வேறு விதமாகத் திருவிழா நடக்கிறது, அங்கே கரகம்தான் எல்லாமே என்று சித்தி பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பது ஒரு குறுகுறுப்பு. இன்று சாயங்காலம் சம்பங்கி ஏரிக்கரையில் பூஜை போட்டு 'ஹசி கரகம்' எடுப்பார்கள். பச்சைக் கரகம். சனிக்கிழமை ராத்திரி வரும் பெரிய கரகத்துக்கு இது முன்னோட்டம்.

சம்பங்கி ஏரியைத் தேடிக்கொண்டு போனால் ஏரி கிடைக்காது. கண்டீரவா ஸ்டேடியம் உட்கார்ந்திருப்பது அந்த ஏரியின் மேல்தான். கரகத்துக்காக ஒரு குளம் அளவுக்கு மிச்சம் வைத்திருக்கிறார்கள். அதையாவது பார்த்திருக்கலாம். சில்க் போர்டு நெரிசலைத் தாண்டி அல்சூர் வந்து சேர்ந்தபோது ஒன்பதரை ஆகிவிட்டது. "அவங்க எல்லாம் முடிச்சிட்டுக் கோயிலுக்குக் கிளம்பியிருப்பாங்க, நீ கை கால் கழுவு" என்றார் சித்தி.

சித்தி கல்யாணமாகி இங்கே வந்தவர். பேச்சில் செஞ்சி இன்னும் இருக்கிறது. சமையலறையை மட்டும் கன்னடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ராகிக் களியும் பஸ்ஸாரும் வைத்திருந்தார். கீரையையும் பருப்பையும் வேகவைத்து, வடித்த தண்ணீரில் மிளகாய், சீரகம், பூண்டு, தேங்காய் அரைத்துவிட்டுக் கொதிக்க வைப்பது பஸ்ஸாரு. வடிகட்டியதைத் தாளித்தால் பொரியல். ஒரே கொதியில் குழம்பும் ஆச்சு, தொட்டுக்கையும் ஆச்சு. களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று தம்பி, அதாவது சித்தி பையன், பாடம் எடுத்தான். எங்கள் ஊர்க் களியையும் யாரும் மெல்வதில்லை என்று சொன்னேன். அவன் நம்பவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி. பேட்டை

பங்குனி உத்திரம். விடிவதற்குள் தெருவில் பால்குடம் போகிற சத்தம். கரகமும் உத்திரமும் இப்படி ஒட்டி வருவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. இவர்களுக்குச் சைத்ர மாதப் பௌர்ணமி, நமக்கு அது இந்த வருடம் பங்குனிக்குள்ளேயே விழுகிறது. நிலா ஒன்றுதான். அல்சூர் முருகன் கோயில் பக்கம் ஒரு நடை போய்விட்டு, மோர்ப் பந்தலில் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, ஏரிக்கரை வழியாகத் திரும்பினோம். 1991-லிருந்து பதினெட்டு வருடம் துணி சுற்றி நிற்க வைக்கப்பட்டு, 2009 ஆகஸ்டில்தான் வெளிச்சம் பார்த்த வள்ளுவர் அங்கே இருக்கிறார். தலையில் காக்காய்.

பிறகு நான் மட்டும் சிக்பேட்டைக்குப் போனேன். பெங்களூர் என்றால் ஐ.டி., கண்ணாடிக் கட்டடம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை இங்கே வந்து தோள் இடிபட வேண்டும். கெம்பேகௌடா 1537-ல் கட்டிய ஊர் இந்தப் பேட்டைதான். அரிசி விற்ற இடம் அக்கிபேட்டை, பஞ்சு விற்ற இடம் அரளேபேட்டை, வளையல்காரர்களுக்கு பளேபேட்டை, குயவர்களுக்குக் கும்பாரபேட்டை, எண்ணெய் ஆட்டுபவர்களுக்குக் கணிகரபேட்டை. தொழில் மாறிவிட்டது, பெயர் மாறவில்லை. சுற்றிலும் ஒரு கோடிப் பேருக்கு மேல் இருக்கிற நகரத்தின் நடுவில் ஒரு சின்ன டவுன் இன்னும் தன்பாட்டுக்குத் திருவிழா நடத்திக்கொண்டிருக்கிறது. சந்துக்குச் சந்து சீரியல் பல்பு, வாழைமரம், மாவிலை.

கரகம் கிளம்புகிற தர்மராய சாமி கோயில் நான் நினைத்ததைவிடச் சிறியது. துணிக்கடைகளுக்கும் பாத்திரக்கடைகளுக்கும் நடுவில். உள்ளே தருமர், பாண்டவர்கள், திரௌபதி. வரிசை நீளம், நிழல் கம்மி. எனக்கு முன்னால் நின்ற அம்மாவுக்கு ஐம்பத்தைந்து இருக்கும். திகளர் வீட்டுக்காரர். கரகத்தை நடத்துபவர்கள் அவர்கள்தான். அவர் என்னிடம் பேசிய தமிழ் நன்றாகத்தான் புரிந்தது, பாதியில் கன்னடத்துக்குள் இறங்கி, தெலுங்கு வழியாக வெளியே வந்தது.

"எந்தூரு?"

"செஞ்சி பக்கங்க."

"அங்கயும் நம்மம்மா இருக்காளா?"

இருக்கிறாள் என்றதும் முதுகில் கை வைத்து என்னைத் தனக்கு முன்னால் நிறுத்திவிட்டார். பின்னால் நின்றவர்கள் ஆட்சேபிக்கவில்லை.

திகளர்கள் காய்கறியும் பூவும் பயிரிட்ட தோட்டக்காரர்கள். லால்பாக்கில் மண்வெட்டி பிடித்த பரம்பரை என்று அந்த அம்மா பெருமையாகச் சொன்னார். கதையையும் அவரே சொன்னார். பாண்டவர்கள் சொர்க்கத்துக்கு நடக்கிறார்கள். வழியில் திரௌபதி மயங்கி விழ, மற்றவர்கள் திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிறார்கள். கண் திறந்தால் எதிரே திமிராசுரன். அவள் தன் உடம்பிலிருந்தே ஒரு படையை உண்டாக்கி அவனை முடிக்கிறாள். அந்தப் படைதான் வீரகுமாரர்கள். வேலை முடிந்து அவள் கிளம்பும்போது பிள்ளைகள் விடவில்லை. சரி, வருடா வருடம் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனாளாம். எங்கள் ஊரில் பாரதம் படிப்பவர் இந்தப் பகுதியைத் தொட்டதே இல்லை. எங்களுக்குக் கூந்தல் முடிந்தால் பாரதம் முடிந்தது. புருஷன்மார் ஐந்து பேரும் விட்டுப்போன பிறகு அவள் தனியாக என்ன செய்தாள் என்று இங்கே யோசித்திருக்கிறார்கள். எனக்கு இது பிடித்திருந்தது.

அவருடைய அண்ணன் மகன் இந்த வருடம் வீரகுமாரன். காப்புக் கட்டிக்கொண்டு விரதம். "வாள் பிடிச்சா சும்மா இல்ல. கரகம் தலையிலிருந்து விழுந்துச்சுன்னா, தூக்குறவரையே வெட்டணும்னு இருக்கு" என்றார், ஏதோ பஸ் நேரம் சொல்கிற மாதிரி. கரகம் சுமக்கும் பூசாரி பெண் வேடம் போட வேண்டும். மனைவியின் தாலியும் வளையலும் அன்றைக்கு அவர் உடம்பில். அந்த மனைவி அவரைப் பார்க்கக் கூடாது.

வெளியே வந்ததும் அம்மா என்னை விடவில்லை. சந்து முனையில் பந்தல். ராமநவமி போன ஞாயிற்றுக்கிழமைதான் முடிந்தது, அதே பந்தல், அதே அண்டா. பானகத்தில் வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலக்காய் இருப்பது எங்கும் உள்ளதுதான். இங்கே கர்பூஜப் பழத்தைப் பொடியாக நறுக்கிப் போடுகிறார்கள். மடக்குக்கு மடக்குப் பழத்துண்டு பல்லில் தட்டுப்படும். கூடவே கோசம்பரி. ஊறவைத்த பாசிப்பருப்பு, வெள்ளரி, தேங்காய்த் துருவல், புளிப்புக்கு மாங்காய், மேலே கடுகு தாளிப்பு. பந்தலில் நின்ற பையன் கரண்டியால் அள்ளி நேராக உள்ளங்கையில் வைத்தான். வேண்டாம் என்றால் அவன் முகம் சுருங்கியது. வேண்டும் என்றால் இரண்டாவது கரண்டி. இரண்டுக்கும் நடுவில் ஒரு பதில் அவனிடம் செல்லுபடியாகவில்லை.

வயிறு நிறைந்தபிறகும் ஓட்டலுக்குப் போனேன், உட்கார இடம் வேண்டுமே. சௌசௌ பாத் அறுபது ரூபாய். ஒரு பக்கம் காரமாக ரவை, ஒரு பக்கம் இனிப்பாக ரவை. இதை யோசித்த புண்ணியவான் யாரோ. பக்கத்து மேஜையில் இரண்டு பேர் ஒரு காப்பியை 'பை டூ' சொல்லி வாங்கி, அரைமணி நேரம் நில வழக்கு பேசினார்கள். சப்ளையர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மார்க்கெட்டில் மல்லிகை முழம் நாற்பது. காலையில் முப்பதாம். "நாளைக்கு வாங்க, அறுபது" என்று சிரித்தாள் பூக்காரி. நாளைக்கு ஊர் முழுக்க மல்லிகை வேண்டும், அவள் வைத்ததுதான் விலை. கேரளாக்காரர்கள் இரண்டு பேர் மூட்டையாக வாங்கிக்கொண்டிருந்தார்கள், எதற்கென்று கேட்கத் தோன்றியது, கூட்டம் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

இன்று ராத்திரி கோயிலில் பொங்கல் சேவை. இருட்டும் நேரம் தூறல் பிடித்துக்கொண்டது. பாத்திரக்கடை வாசலில் ஒதுங்கினேன். கடைக்காரர் எழுந்து தன் ஸ்டூலைத் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டார், உட்காருங்கள் என்றுகூடச் சொல்லாமல். மழை நின்றதும் கிளம்பிவிட்டேன். தொன்னையில் யாரோ கொடுத்த பொங்கலை மெட்ரோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்து சித்தியிடம் கொடுத்தேன். "நெய் பத்தல" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஏப்ரல் 12, சனி. பகல்

எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை. தூங்கினேன். வெயிலில் மொட்டை மாடித் தரை காலைச் சுட்டது. தம்பி இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, ஒயிட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். கரகம் பார்த்ததே கிடையாது. "கூட்டம்க்கா" என்பான். நான் வந்ததால் வேறு வழியில்லாமல் வருகிறான். சித்தி வரவில்லை, முழங்கால். புளியோதரை கட்டித் தரவா என்றார். அங்கே சாப்பாட்டுக்குக் குறைவிருக்காது என்று நேற்றைய அனுபவத்தில் சொன்னேன். அப்படியும் ஒரு டப்பா பையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஏப்ரல் 12, சனி. இரவு

டவுன் ஹாலுக்கு அந்தப் பக்கம் ஆட்டோ போகவில்லை. முந்நூறு கேட்டு ஏற்றியவர், போலீஸ் தடுப்பைப் பார்த்ததும் "இங்கயே இறங்குங்க" என்று முழுப்பணத்தையும் வாங்கிக்கொண்டார். மீட்டருக்கு நூறுகூட ஆகாது. திருவிழாவில் முகம் சுளிக்க வைத்த ஒரே மனிதர் அவர்தான், சொல்லிவிட்டேன், முடிந்தது.

தெருவுக்குள் நுழைந்ததும் ஒரு வாசனை. மல்லிகை, ஊதுபத்தி, கொதிக்கிற எண்ணெய், சாக்கடை எல்லாம் சேர்ந்தது. பேட்டையின் மற்றக் கோயில்களிலிருந்து பூந்தேர்கள் டிராக்டர் மேல் ஏறி வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஜெனரேட்டர், ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்பீக்கர். முனீஸ்வரனுக்கும் அண்ணம்மாவுக்கும் நடுவில் நின்றால் காது போய்விடும்.

கரகம் பன்னிரண்டரைக்கு வெளியே வரும் என்றார்கள். யாரும் அதை நம்பியதாகத் தெரியவில்லை. பாயும் ஜமக்காளமும் கொண்டுவந்து கடைப் படிகளில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். ஷட்டர் இறங்கிய கடைகள் அத்தனையும் திண்ணையாகிவிட்டன.

முதல் அண்டா கணிகரபேட்டைப் பக்கம். பிசிபேளா பாத். ஜவுளிக்கடை நடத்தும் மார்வாடிக் குடும்பம் ஒன்று, பாட்டியிலிருந்து பேரன் வரை வரிசையாக நின்று பரிமாறியது. பேரனின் வேலை ஒவ்வொரு தொன்னை மேலும் காராபூந்தி தூவுவது. ஏழு வயதிருக்கும். ஒருவர் தொன்னையைத் தூவுவதற்கு முன்னால் நகர்த்திவிட்டார். பையன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தித் தூவினான். கைவிரல் எல்லாம் எண்ணெய். நெய் மிதக்கிற, புளியும் பட்டையும் சரியாக நின்ற பாத். இந்த ஊரில் நான் காசு கொடுத்துச் சாப்பிட்ட எதுவும் இதன் பக்கத்தில் வரவில்லை. தம்பி இரண்டாம் முறை வரிசையில் நின்றான். "கூட்டம்க்கா" என்று நான் சொல்லிக் காட்டினேன்.

அதற்கு அப்புறம் எண்ணிக்கொள்ளவில்லை. பத்தடிக்கு ஒரு மேஜை. மோர், பானகம், கேசரி, எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம், பாதாம் பால். கொடுக்கிறவர்கள் யாரும் நன்றியை எதிர்பார்த்து நிற்கவில்லை, தொன்னையைக் கையில் திணித்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். எங்கள் ஊர்த் திருவிழாவில் கூழ் ஊற்றுகிறவர் பெயரை மைக்கில் மூன்று தடவை சொல்வார்கள். இங்கேயும் சில இடத்தில் உள்ளூர் அரசியல்வாதி படத்தோடு ஃபிளெக்ஸ் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அந்த மார்வாடி வீட்டு அண்டாவில் கடைப் பெயர்கூட இல்லை.

பதினொன்றரை சுமாருக்கு என் இடது செருப்பின் வார் அறுந்தது. இந்தக் கூட்டத்தில் வெறுங்காலோடு நிற்கவும் முடியாது, ஒற்றைச் செருப்போடு நடக்கவும் முடியாது. பாத்திரக்கடைப் படியில் உட்கார்ந்திருந்த குடும்பம் நகர்ந்து இடம் விட்டது. ஹொசகோட்டையிலிருந்து வந்தவர்கள். அந்த வீட்டுப் பெரியம்மா தாலிச் சங்கிலியில் கோர்த்து வைத்திருந்த ஊக்குகளில் இரண்டைக் கழற்றினார். வாரின் இரு முனையையும் ஒன்றின் மேல் ஒன்றாக மடித்து, ஊக்கைக் குறுக்காக ஒன்று, நேராக ஒன்று குத்தி, கூர் பகுதி காலில் படாமல் இருக்க என் கைக்குட்டையைக் கிழித்துச் சுற்றினார். கேட்காமலே கிழித்தார். செருப்பை நீட்டி, "நாளைக்கு வரைக்கும் ஓடும்" என்றார் கன்னடத்தில். அது எனக்கே புரிந்தது.

பிறகு டப்பாக்கள் திறந்தன. அவர்களுடைய புளியோகரையும் சித்தியின் புளியோதரையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டன. அவர்களுடையதில் கொப்பரையும் எள்ளும் வெல்லமும் தூக்கல். சித்தியுடையதில் வெந்தயமும் காய்ந்த மிளகாயும். பெரியம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, காரம் என்று கையால் விசிறிக் காட்டி, இன்னொரு வாய் எடுத்துக்கொண்டார். சக்குலியும் வந்தது. நாலு மாவு கலந்த முறுக்கு, உடைத்தால் தூள் தூளாகப் போகிற பதம். அவர்களுடைய கடைக்குட்டி என் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டது. யாரும் அதை விசேஷமாக எடுத்துக்கொள்ளவில்லை.

"வந்தாச்சு, வந்தாச்சு" என்று பல முறை எழுந்தோம். வந்தது எல்லாம் தேர்.

நிஜமாக வந்தபோது யாரும் சொல்லவில்லை. கோவிந்தா கோவிந்தா என்ற சத்தம் சந்தின் அந்த முனையிலிருந்து உருண்டு வந்தது, அவ்வளவுதான். முதலில் வீரகுமாரர்கள். வெற்றுடம்பு, தலைப்பாகை, கையில் உருவிய வாள். வாளை மார்பில் தட்டி "திக்தி, திக்தி" என்று கத்திக்கொண்டே ஓடுகிறார்கள். அதில் ஒருவனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. பள்ளிக்கூடப் பையனாக இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை வரிசையில் பார்த்த அம்மாவின் அண்ணன் மகன் எவன் என்று தேடினேன், எல்லோரும் ஒரே வேகத்தில் போய்விட்டார்கள். அவர்களுக்கு நடுவில் கரகம். மஞ்சள் புடவை, கை நிறைய வளையல், ஒரு கையில் கத்தி, ஒரு கையில் பிரம்பு. தலைமேல் மல்லிகைக் கோபுரம், இடுப்பு வரை தொங்கும் சரம். கை ஒன்றும் கரகத்தைத் தொடவில்லை. அவர் நடக்கவில்லை, ஓட்டமும் ஆட்டமுமாகக் கடந்தார். மாடியிலிருந்து மல்லிகையைக் கூடை கூடையாகக் கொட்டினார்கள். அரை நிமிடம் இருக்குமா? அதற்குள் முதுகுதான் தெரிந்தது.

எங்கள் ஊரில் தீமிதிக்கிறவர் அப்பாவோ மாமாவோ பக்கத்து வீட்டுக்காரரோ, குழிக்கு அந்தப் பக்கம் போனதும் கூப்பிட்டுப் பேசலாம். இங்கே அப்படி எதுவும் இல்லை. அம்மன் வந்தாள், போனாள். பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, கீழே விழுந்த பூவில் ஒரு கொத்து எடுத்து எனக்கும் தம்பிக்கும் தந்துவிட்டு, பாயைச் சுருட்டினார். ஊருக்கு முதல் பஸ் பிடிக்க வேண்டுமாம்.

நாங்கள் கூட்டத்தோடு காட்டன்பேட்டை பக்கம் ஒதுங்கி ஒதுங்கிப் போனோம். கரகம் தவக்கல் மஸ்தான் தர்காவுக்குள் போய்விட்டுத்தான் கோயிலுக்குத் திரும்பும், வழிவழியாக அப்படித்தான். 2022-ல் தர்காவுக்குப் போகக் கூடாது என்று சிலர் கிளம்பினார்கள். கோயில் தரப்பு கேட்கவில்லை, அந்த வருடமும் கரகம் போனது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கரகம் வந்து போய்விட்டிருந்தது. தர்கா வாசலில் தொப்பி போட்ட இளைஞர்கள் டீ ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவரிடம் தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில். "கரகத்துக்கு எங்க தாத்தா எலுமிச்சம்பழம் கொடுத்தாரு, இப்ப எங்க சித்தப்பா கொடுக்கிறாரு. நீங்க டீ குடிங்க, ஆறிடும்." அதற்கு மேல் இதைப் பற்றிப் பேச அவருக்கு ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

விடியும்போது அவென்யூ ரோடு முழுக்கத் தொன்னை, பிளாஸ்டிக் டம்ளர், மிதிபட்ட மல்லிகை. ஆரஞ்சு உடுப்பில் துப்புரவுப் பெண்கள் இறங்கிவிட்டார்கள். ராத்திரி எல்லாம் எங்களுக்கு ஊற்றிக் கொடுத்த கைகளில் ஒன்றுகூட இப்போது துடைப்பத்தைப் பிடிக்கவில்லை. பாக்குமட்டைத் தொன்னை மக்கிவிடும், பிளாஸ்டிக் டம்ளர் மக்காது. அன்னதானம் செய்கிறவர்கள் ஒரு எவர்சில்வர் டம்ளர் செட்டும் வாடகைக்கு எடுத்தால் குறைந்துபோவார்களா? குனிந்து பெருக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் சாப்பிட்டீர்களா என்று தம்பி கேட்டான். "காலி அண்டாதான் இருக்கு" என்றார். சித்தியின் டப்பாவில் இரண்டு கைப்பிடி மிச்சமிருந்தது, கொடுத்தோம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

மத்தியானம் வரை தூக்கம். கால் வீங்கிவிட்டது. ஊக்கு குத்திய செருப்பு வீடு வரை தாங்கியது. செருப்புத் தைப்பவர் அந்த முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நாற்பது ரூபாய்க்குப் புது வார் போட்டார்.

சனிக்கிழமை வரை சைவம் என்று கட்டுப்பாடு வைத்திருந்த சித்தி, இன்று தம்பியை மிலிட்டரி ஓட்டலுக்கு அனுப்பித் தொன்னை பிரியாணி வாங்கி வரச் சொன்னார். கொத்தமல்லியும் புதினாவும் அரைத்து ஊற்றிய பச்சை பிரியாணி, சீரகச் சம்பா. ஆம்பூர்க்காரர்கள் சண்டைக்கு வரலாம், வரட்டும். ஓட்டலில் வரிசை தெரு வரை நின்றதாம். ஊரே விரதம் முடித்திருக்கிறது.

ஏப்ரல் 14, திங்கள். அல்சூர்

தமிழ் வருடப் பிறப்பு. சித்தி வீட்டில் பதினைந்து நாளில் இது இரண்டாவது வருடப் பிறப்பு. மார்ச் 30 யுகாதிக்கு வேப்பம்பூவும் வெல்லமும் கலந்து அக்கம்பக்கத்தார் கொடுத்தார்கள், இவர் ஒப்பட்டு (நம்ம போளி) செய்து திருப்பிக் கொடுத்தார். இன்று இவர் மாங்காய்ப் பச்சடியில் வேப்பம்பூவை வறுத்துப் போட்டு அதே வீடுகளுக்கு அனுப்புகிறார். கிண்ணம் காலியாகத் திரும்பி வருவதில்லை. கீழ்வீட்டிலிருந்து மைசூர் பாகு வந்தது. பேட்டையில் இன்றைக்கு வசந்தோற்சவம், மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொள்வார்கள். பஸ் மூன்று மணிக்கு என்பதால் போகவில்லை.

இலையில் உட்கார்ந்திருந்தபோது தம்பி ஒரு யோசனை சொன்னான். அடுத்த வருடம் கரகத்துக்குக் கணிகரபேட்டையில் நாமும் ஒரு மேஜை போட்டு மோர் கொடுத்தால் என்ன? அவன் ஆபீஸில் நாலு பேர் பணம் போடுவார்களாம். சித்தி உடனே கணக்கில் இறங்கிவிட்டார். ஐம்பது லிட்டர் தயிர் வேண்டும், ஒன்றுக்கு மூன்று தண்ணீர், இருநூறு லிட்டர் மோர் வரும். ஏப்ரல் 1-லிருந்து நந்தினி பாலும் தயிரும் லிட்டருக்கு 4 ரூபாய் ஏறிவிட்டது, அது வேறு. இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம்.

"எலுமிச்சை பிழியணும்" என்றான் தம்பி.

"மோர்ல எலுமிச்சையாடா? உங்கப்பா வீட்டுப் பழக்கம்."

"அங்க எல்லா மேஜையிலயும் போட்டிருந்தாங்கம்மா, அக்காவைக் கேளு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் பச்சடியைத் தொட்டுக்கொண்டே, டம்ளர் எவர்சில்வராக இருந்தால் எலுமிச்சை போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி என்றேன். "அப்ப கழுவுறது யாரு?" என்றார் சித்தி. பஸ்ஸுக்குக் கிளம்புகிற வரை அந்தச் சண்டைதான்.